வாங்கலாமா என்று கேட்டிருந்தாய்

வாங்கலாமா என்று கேட்டிருந்தாய், யோகமலர்.
நானூற்றைம்பது ரூபாய். தள்ளுபடி போக முந்நூற்றெண்பது.
அட்டையில் ஒரே ஒரு சிவப்பு வட்டம்,
அதன் அடியில் எறும்பளவில் எழுதியவர் பெயர்.
நம்மிடம் பேனர் அடிக்க வருகிறவர்களில்
ஒருவராவது தன் பெயரை அப்படிக் கேட்டதுண்டா?

பிரிண்டர் சூடாகும் நேரங்களில் படித்தேன்,
பதினோரு நாள்.
மூன்றாம் நாளே தாள்கள் பொரித்த அப்பளமாய் நெளிந்துவிட்டன.
கோத்தகிரியின் ஜூலைக்கு
எந்தப் புத்தகமும் தேறுவதில்லை, அதை விடு.

முதல் அத்தியாயம் வெற்றிடம்.
எழுத்து மூச்சுவிடும் இடமாம் அது.
ஒப்புக்கொண்டேன்.
மறுநாள் பெள்ளா கவுடர் வந்தார்,
மகள் கல்யாண பேனர், பத்துக்கு எட்டு,
முப்பத்தெட்டு முகங்கள்.
"இடப்பக்கம் கொஞ்சம் சும்மா விடலாங்க" என்றேன்.
திரையில் அந்தச் சும்மாவை விரலால் தடவினார்.
"இங்கே என் சகலை நிக்கலாமே."
நின்றார், கூலிங்கிளாஸோடு.
"சதுர அடிக்குத்தானே காசு வாங்குறே?
வெறும் துணிக்கும் சேர்த்தா?"
இதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

இன்னொன்று. அது ஆங்கில எழுத்துக்கென்று எழுதியது.
அங்கே மேலே ஒரு கொம்பு, கீழே ஒரு வால்,
அதற்குமேல் தொந்தரவில்லை.
நம் 'ழு' தரைக்குள் இறங்கிக் குழி பறிக்கும்,
'கொ' இரண்டு பக்கமும் ஆள் வைத்துக்கொண்டு நடக்கும்.
வரி இடைவெளி நூற்றிருபது என்கிறார்.
நூற்றைம்பது வை.
மேல்வரிக்காரன் கால் கீழ்வரிக்காரன் தலையில் படாது.
இரண்டு எழுத்துருவுக்குமேல் கூடாதென்றும் ஒரு விதி.
என்னிடமுள்ள பதினேழில் உருப்படியானவை இரண்டுதான்;
மீற எனக்கு வழியே இல்லை.

சின்னங்கள் பேசும் என்று ஓர் அத்தியாயம்.
அதை எனக்கு முன்பே சொல்லிக்கொடுத்தது
காம்பாய்கடை மளிகைக்காரர்.
தேர்தல் மாதத்தில், டீத்தூள் பாக்கெட்டில்,
பாவம்போல் இரண்டு இலையும் ஒரு மொட்டும் போட்டிருந்தேன்.
நாற்பது கிலோவையும் திருப்பி அனுப்பினார்.
"மொட்டு இருக்கே அண்ணே" என்றேன்.
"தள்ளி நின்னு பாரும்மா" என்றார்.

சரி, பலகை விஷயத்துக்கு வருகிறேன்.
பலா பழுக்கிற பருவம். குஞ்சப்பனைப் பக்கம்
யானைகள் சாலைக்கு வரும் என்று
எச்சரிக்கைப் பலகை இரண்டு கேட்டார்கள்.
புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்தே செய்தேன்.
வெள்ளைப் பின்னணி,
மெல்லிய சாம்பல் எழுத்து,
தாராளமாய் வெற்றிடம்,
வலது மூலையில் சின்னதாய் ஒரு யானை.
படம் பிடித்து உனக்கும் அனுப்பினேனே,
நீ மூன்று இதயம் போட்டாய்.

அடுத்த வாரம் மேட்டுப்பாளையத்துக்கு
ஸ்கூட்டியில் இறங்கினேன். மூடுபனி.
என் பலகை இருக்குமிடம் எனக்குத் தெரியும்,
இருந்தும் காணவில்லை.
வண்டியை நிறுத்திக் கிட்டே போனபோதுதான்
காற்றில் ஒரு யானை தொங்கியது,
எலியளவில்.
வெள்ளை முழுவதையும் மலை எடுத்துக்கொண்டுவிட்டது.

அதற்கு இரண்டு வளைவு கீழே
யாரோ தகர மூடியில் மஞ்சள் அடித்து
தாரால் கோணல்மாணலாய் எழுதியிருந்தார்கள்:
யானை.
என் கால் தானாக பிரேக்கைத் தேடிற்று.

வீட்டுக்கு வந்து மறுபடி புரட்டினேன்,
திட்டுவதற்கென்றே.
தொண்ணூற்றுநான்காம் பக்கத்தின் அடியில்
சாம்பல் பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஒரு வரி:
பார்ப்பவர் யார், எந்த வேகத்தில்,
எந்த வெளிச்சத்தில், அதை முதலில் கேள்.
பதினோரு நாள் படித்தவள் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.
அட்டை வட்டத்துக்குக் கொடுத்த இடத்தில் பாதியை
இதற்குக் கொடுத்திருக்கலாம் அந்த மனிதர்.

பலகைகளை என் செலவில் மாற்றினேன்.
மஞ்சள். கறுப்பு. ஒரே சொல்.
கவுடரின் சகலை மட்டும், சொல்லக்கூடாது,
பேனரில் நன்றாகத்தான் இருந்தார்;
கோயில் முக்கிலிருந்தே அடையாளம் தெரிந்தது.

ஆகவே வாங்கு என்றும் சொல்வேன்,
வேண்டாம் என்றும் சொல்வேன்.
அவசரமென்றால் என்னுடையதை எடுத்துக்கொள், இருநூறு கொடு.
தொண்ணூற்றுநான்காம் பக்கம் மட்டும் இருக்காது.